சிறிய அறைக்கான ஹோம் தியேட்டர் ஒலிபெருக்கிகள்

சுமார் 100 முதல் 150 சதுர அடி உள்ள அறையில், திரைப்பட ஒலியைப் பல திசைகளிலிருந்தும் கேட்பதற்காக அமைக்கப்படும் சிறிய ஒலிபெருக்கித் தொகுதி இது. வழக்கமான வடிவம் 5.1. முன்னால் இடம், வலம், நடு என மூன்று ஸ்பீக்கர். பக்கவாட்டில் இரண்டு சரவுண்ட். தாழ்ந்த ஒலிக்கு ஒரு சப்வூஃபர். புள்ளிக்குப் பின்னுள்ள 1, முழு அலைவரிசையையும் சுமக்காமல் 120 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிக்கு மட்டும் ஒதுக்கிய தடத்தைக் குறிக்கும். வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் பார்ப்பது வாட்டையும் விலையையும். சிறிய அறையில் இவற்றைவிடக் கேட்பவரின் காதுக்கு என்ன வந்து சேரும் என்பதைத் தீர்மானிப்பவை, அறையின் நீள அகல உயரமும் பெட்டிகளை வைக்கும் இடமும்தான்.

திரையரங்கில் டால்பி டிஜிட்டல் ஒலி 1992இல் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்துடன் வந்தது. அடுத்த ஆண்டே 'ஜுராசிக் பார்க்' படத்துடன் டி.டி.எஸ். வந்து சேர்ந்தது. தமிழில் 'குருதிப்புனல்' (1995) டால்பி ஸ்டீரியோவிலும், 'கருப்பு ரோஜா' (1996) டி.டி.எஸ். முறையிலும் வெளியாயின. டி.வி.டி. பரவியபின் ஆறு பெட்டி கொண்ட இந்த அமைப்பு வீடுகளுக்குள் நுழைந்தது. தலைக்கு மேலிருந்தும் ஒலி தரும் டால்பி அட்மாஸ் 2012இல் திரையரங்குக்கும் 2014இல் வீட்டுக்கும் வந்தது.

சின்னப் பெட்டியின் விலை

பெட்டி சிறிதாக இருக்க வேண்டும், தாழ்ந்த சுருதிவரை இறங்க வேண்டும், குறைந்த மின்திறனில் உரக்க ஒலிக்க வேண்டும். இந்த மூன்றில் இரண்டுதான் ஒருசேரக் கிடைக்கும். பியானோ மேதை யோசஃப் ஹாஃப்மனின் மகனும் கே.எல்.எச். நிறுவனத்தின் நிறுவனர்களில் ஒருவருமான ஆன்டன் ஹாஃப்மனின் பெயரால் 'ஹாஃப்மனின் இரும்பு விதி' என்று இது வழங்குகிறது. எட்கர் வில்ச்சர் 1954இல் கொண்டுவந்த ஏ.ஆர்.-1 ஸ்பீக்கர், மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே சுருள்வில்லாகப் பயன்படுத்தி, சிறிய பெட்டியிலிருந்து ஆழமான பாஸை வரவழைத்தது. அதற்குக் கொடுத்த விலை, உரத்து ஒலிக்கக் கூடுதல் மின்திறன். இன்றைய காம்பேக்ட் தொகுதி எதுவும் இந்த விதியைத் தாண்டியதில்லை.

போஸ் நிறுவனம் 1987இல் வெளியிட்ட அகூஸ்டிமாஸ் வேறு வழியில் போனது. கையடக்கக் கனசதுரங்கள் சில கண்ணில் படும் இடத்தில், பாஸ் பெட்டி ஒன்று சோபாவுக்குப் பின்னால். அறையை அடைக்காத இந்த ஏற்பாடு உலகெங்கும் பரவியது. கடைகளில் 'சேட்டிலைட் செட்' என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை இதன் வழி வந்தவையே.

இவ்வகையில் கவனிக்க வேண்டியது சேட்டிலைட்டும் சப்வூஃபரும் கைமாற்றிக்கொள்ளும் இடம், அதாவது கிராஸ்ஓவர். ஏறத்தாழ 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ள ஒலி எங்கிருந்து வருகிறதென்று காது எளிதில் கண்டுபிடிக்காது, அதனால்தான் திரைப்பட ஒலித் தரத்துக்கான டி.எச்.எக்ஸ். விதிமுறை அந்த அளவைத் தேர்ந்தது. இரண்டரை அங்குல ஸ்பீக்கர் மட்டும் கொண்ட கனசதுரம் அவ்வளவு தாழ இறங்காது. 150, சிலவற்றில் 200 ஹெர்ட்ஸிலேயே நின்றுவிடும். எஞ்சியதைச் சப்வூஃபர் சுமக்க வேண்டியிருக்கும். ஆண்குரலின் அடிச்சுருதி ஏறத்தாழ 85 முதல் 180 ஹெர்ட்ஸ்வரை இருப்பதால், திரையில் பேசும் ஆளின் குரலில் ஒரு பாதி அறையின் மூலையிலிருந்து கேட்கும். முகம் ஓரிடம், மார்புக்குரல் ஓரிடம். சப்வூஃபரும் அவ்வளவு உயரம் ஏறவில்லையென்றால் நடுவில் ஓட்டை விழும். குரல் மெலிந்து, தொலைபேசியில் கேட்பதுபோல் வரும். வாங்குமுன் செய்ய எளிய சோதனை ஒன்று உண்டு: கடையில் வெடிச்சத்தக் காட்சியைப் போடவிடாமல், கனத்த குரலுள்ள ஒருவர் நிதானமாகப் பேசும் காட்சியைப் போடச் சொல்லிக் கேட்பது.

நான்கு அல்லது ஐந்து அங்குல வூஃபரும் தனி ட்வீட்டரும் உள்ள புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர், சேட்டிலைட்டைவிடச் சற்றே பெரிது. ஆனால் அதைப் பெரும்பாலும் 80 முதல் 100 ஹெர்ட்ஸில் சப்வூஃபருடன் சேர்க்கலாம். இடம் அனுமதித்தால் சிறிய அறைக்கு இதுவே முதல் தேர்வு.

பத்துக்குப் பன்னிரண்டு அறை

தமிழ்நாட்டு அடுக்ககங்களில் ஹோம் தியேட்டர் பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி படுக்கையறையில்தான் இடம்பிடிக்கிறது. ஒலியலையின் நீளத்தில் பாதி, எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடைப்பட்ட தூரத்துக்குச் சமமாகும்போது அந்தச் சுருதி அறைக்குள் நின்று முழங்கும். 12 அடிக்கு அது சுமார் 48 ஹெர்ட்ஸ். 10 அடிக்குச் சுமார் 57. இங்கேதான் நம் வீடுகளுக்கே உரிய சிக்கல் வருகிறது. கூரையின் உயரமும் பெரும்பாலும் 10 அடியை ஒட்டியே இருப்பதால், அகலமும் உயரமும் சேர்ந்து ஒரே சுருதியைத் தூக்கிவிடும். பாட்டில் வரும் பாஸ் கிடாரின் ஒரு குறிப்பிட்ட ஸ்வரம் மட்டும் ஜன்னல் கண்ணாடியை அதிர வைப்பதும், அடுத்த ஸ்வரம் காணாமல் போவதும் இதனால்தான். ஸ்பீக்கரை மாற்றினாலும் இது தீராது.

செங்கல், கான்கிரீட் சுவர் பாஸை வெளியே விடாமல் உள்ளேயே திருப்பி அனுப்பும். மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்துக் கட்டும் அமெரிக்க வீட்டில் பாஸின் ஒரு பங்கு சுவர் வழியே கசிந்துவிடும். ஆகவே அங்கு எழுதப்படும் பரிந்துரைகளில் சொல்லும் 12 அங்குலச் சப்வூஃபர் இங்கே தேவைப்படுவதில்லை. 8 அங்குலம் போதும். பலருக்கு அதுவே மிகுதி.

உட்காரும் இடம் முக்கியம். அறையின் நட்ட நடுவில் மேற்சொன்ன 48 ஹெர்ட்ஸ் ஏறக்குறைய மறைந்துவிடும்; பின்சுவரில் தலை சாய்த்தால் அதுவே வீங்கி ஒலிக்கும். 12 அடி நீளத்தில் பின்சுவரிலிருந்து 4 அடி தள்ளி அமர்ந்தால் நல்லது. கட்டில் போட்ட அறையில் அவ்வளவு இடம் கிடைக்காது. ஓர் அடியோ ஒன்றரை அடியோ முன்னால் வந்தால்கூட வித்தியாசம் தெரியும்.

சப்வூஃபருக்கு இடம் தேட ஒரு பழைய முறை உண்டு. சப்வூஃபரைத் தூக்கி நாம் உட்காரும் இருக்கையிலேயே வைத்து, பாஸ் நிறைந்த பாடல் ஒன்றை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்துகொண்டே கேட்க வேண்டும். மூலையில் காது அடைக்கும்படி முழங்கும். இரண்டடி நகர்ந்தால் வற்றிப்போகும். எங்கோ ஓரிடத்தில் ஒவ்வொரு ஸ்வரமும் சம அளவில் தெளிவாக விழும். சப்வூஃபரின் இடம் அதுதான். பார்க்கச் சங்கடமாக இருந்தாலும், இதற்கு ஈடாக வேறெந்தச் செலவும் பலன் தருவதில்லை.

மொசைக், டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் பேச்சைச் சிதறடிக்கும். கை தட்டினால் 'கிணீர்' என்று எதிரொலிக்கும் அறையில் வசனம் புரியாமல் போவதற்கு ஸ்பீக்கரைக் குறை சொல்லிப் பயனில்லை. கனத்த திரைச்சீலை, தடித்த விரிப்பு, புத்தக அலமாரி ஆகியவை உயர் ஒலிகளை அடக்கும். மெல்லிய ஜமுக்காளம் கொஞ்சமே உதவும். பாஸை இவை எதுவும் தொடாது. பருமனான மெத்தை ஓரளவு உறிஞ்சும்.

வாட் கணக்கு

பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சாகும் பி.எம்.பி.ஓ. எண்ணுக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட அளவுமுறை எதுவும் கிடையாது. ஆயிரக்கணக்கில் போட்டிருப்பார்கள், அதைப் பொருட்படுத்த வேண்டாம். ஆர்.எம்.எஸ். வாட்டும், ஸ்பீக்கரின் உணர்திறனும் மட்டுமே பொருளுள்ளவை. 85 டெசிபல் உணர்திறன் என்றால் 1 வாட்டில், 1 மீட்டர் தூரத்தில் அவ்வளவு ஒலி வரும். தூரம் இரட்டித்தால் திறந்த வெளியில் 6 டெசிபல் குறையும். வாட் இரட்டித்தால் 3 டெசிபல் மட்டுமே கூடும். 2 மீட்டர் தள்ளி அமர்பவருக்கு 20 வாட்டிலேயே ஒரு ஸ்பீக்கரிலிருந்து 92 டெசிபல் கிடைக்கும். சிறிய அறையில் அது செவிப்பறையைச் சோதிக்கும் அளவு. 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் உள்ள விலை வேறுபாட்டை நல்ல சென்டர் ஸ்பீக்கரில் போடுவது மேல்.

சென்டர்தான் வசனத்தின் பெரும்பகுதியைச் சுமக்கிறது. அது இடம், வலம் ஸ்பீக்கர்களின் அதே வரிசையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். இல்லையேல் ஒரு பாத்திரம் திரையில் நடந்து போகும்போது குரலின் நிறம் மாறும். சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் தனித்தனியாக வாங்கி அசெம்பிள் செய்வோர் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். டி.வி.யைச் சுவரில் உயரமாக மாட்டியிருந்தால் சென்டரை அதன் கீழே வைத்து, முகப்பைக் காதை நோக்கிச் சற்று நிமிர்த்த வேண்டும்.

இடம், வலம் இரண்டும் நடுக்கோட்டிலிருந்து 30 பாகையிலும், சரவுண்ட் இரண்டும் 100 முதல் 120 பாகைக்குள்ளும் அமைய வேண்டும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. சரவுண்டைக் காது மட்டத்துக்கு ஓரடி, இரண்டடி மேலே மாட்டினால் பக்கத்தில் உட்கார்ந்தவரின் தலை மறைக்காது. ஒரு பக்கம் கதவு, மறுபக்கம் பீரோ என்று சரவுண்டுக்கு இடமே இல்லாத அறையில் அவற்றை எங்காவது திணிப்பதைவிட, அந்தப் பணத்தை முன் மூன்றில் போட்டு 3.1 ஆக நிறுத்திக்கொள்வது நல்லது. கூரையில் மோதித் திரும்பும் வகை அட்மாஸ் ஸ்பீக்கர் தட்டையான, வெறுமையான கூரையை எதிர்பார்க்கிறது. நடுவில் மின்விசிறி தொங்கும் அறைக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது.

இணைப்பில் அதிகம் சிக்கலில்லை. டி.வி.யின் ஒலியை ஸ்பீக்கர் தொகுதிக்கு அனுப்ப 2009இன் எச்.டி.எம்.ஐ. 1.4 பதிப்புடன் வந்த ஏ.ஆர்.சி. வசதி டால்பி டிஜிட்டல் 5.1ஐக் கடத்தும், சுருக்கத்தில் இழப்பில்லாத வடிவங்களுக்கு 2017இல் அறிவிக்கப்பட்ட ஈ.ஏ.ஆர்.சி. வேண்டும். ஒயரில் சிவப்பைச் சிவப்போடும் கறுப்பைக் கறுப்போடும் பொருத்த வேண்டும். முன் ஸ்பீக்கர்களில் ஒன்று மட்டும் மாறிப்போனால் பாஸ் வற்றி, பாடகரின் குரல் இரண்டுக்கும் நடுவில் நிலைகொள்ளாமல் அலையும்.

அடுக்ககத்தில் சப்வூஃபரின் அதிர்வு தரை வழியாகக் கீழ்வீட்டுக் கூரைக்கு இறங்கும். அடியில் தடித்த ரப்பரோ ஃபோமோ வைத்தால் அந்த நேரடி அதிர்வு குறையும். காற்று வழியாகப் போகும் முழக்கத்தை அது தடுக்காது. அதற்கு, ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவர்கள் பலவற்றில் உள்ள இரவு முறை உதவும். உரத்த சத்தத்தைத் தாழ்த்தி மெல்லிய வசனத்தை உயர்த்துவது அதன் வேலை. மின்விசிறி ஓடும் அறையில் பகலிலும் அதைப் பயன்படுத்தலாம்.