பாய்காட்: யார், யாரை?

'பாய்காட்' என்னும் ஆங்கில வினைச்சொல், புறக்கணி என்று பொருள்படுவது, ஒரு மனிதரின் பெயர். அயர்லாந்தின் மேயோ பகுதியில் எர்ன் பிரபுவின் நிலங்களுக்கு முகவராக இருந்தவர் சார்லஸ் பாய்காட். 1880இல் விவசாயிகள் கேட்ட அளவு குத்தகையைக் குறைக்காமல், அவர்களை வெளியேற்ற முனைந்தார். அவருக்கு ஊரார் யாரும் அறுவடை செய்யவில்லை. கடைகள் சாமான் தரவில்லை. ஆண்டு முடியுமுன் அவர் ஊரைவிட்டே போனார். பெயர் மட்டும் வினைச்சொல்லாகத் தங்கிவிட்டது.

அது நிலவுடைமைக்கு எதிராக எளியவர்கள் எடுத்த ஆயுதம். இங்கே அது தலைகீழ். கூலி உயர்வு கேட்டால், புகார் கொடுத்தால், சேரிக்கு வேலையில்லை, பாலில்லை. அதற்கு 'ஊர்க்கட்டுப்பாடு' என்று பெயர். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தப்படி, சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு செய்வோம் என்று மிரட்டினாலே குற்றம்.

எனவே நாங்கள் முதலில் கேட்பது: யார், யாரை? உழைக்க மறுப்பது உரிமை. பிழைக்கவிட மறுப்பது வன்கொடுமை.