கணக்கில் ஏறாத மீன்

எங்கள் காவேரிப்பாக்கத்தில் மீன் என்றால் ஏரி மீன்தான். கெண்டை, விரால், கெளுத்தி, பிற்பாடு வந்து சேர்ந்த ஜிலேபி. கடல் மீன் எங்கள் வீடுகளுக்குள் கருவாடாகத்தான் நுழைந்தது. ஐஸ் பெட்டியும் டெம்போவும் வருவதற்கு முன்னால், உப்பின் துணையில்லாமல் எந்தக் கடல் மீனும் இவ்வளவு தூரம் மேற்கே வந்திருக்க முடியாது. தோல் தொழில் நடக்கும் வட்டாரம் இது. உப்பின் அருமையை இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. உரித்த தோலை அழுகாமல் ராணிப்பேட்டைக்கும் ஆம்பூருக்கும் கொண்டு சேர்ப்பது உப்பு. நெத்திலியையும் வாளையையும் நம்ம ஊர் சந்தைக்குக் கொண்டுவந்ததும் அதே உப்பு. கடலில் பிடிபடும் மீனுக்கு யார், எப்போது, எப்படிக் கணக்கு எழுதத் தொடங்கினார்கள் என்று தேடிப் படித்தபோது, நம் கடற்கரையில் அந்தக் கணக்கும் உப்பிலிருந்தே தொடங்குகிறது என்பதைக் கண்டேன்.

பிரிட்டிஷ் ஆட்சியில் உப்புக்கு வரி இருந்த கதை எல்லோருக்கும் தெரியும். அந்த வரி மீனவரை என்ன செய்தது என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. வரி கட்டிய உப்பை வாங்கி மீனில் போட்டால் கருவாட்டு வியாபாரிக்குக் கட்டுப்படியாகாது. உவர் மண்ணைச் சுரண்டி எடுத்துப் பதப்படுத்தலாம் என்றால் அது சட்டப்படி குற்றம். சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்து, பிறகு மீன்வளத் துறைக்கு வந்த பிரான்சிஸ் டே, 1873-இல் கடல் மீன்பிடிப்பு பற்றி எழுதிய அறிக்கையில் இந்தச் சிக்கலை விரிவாகப் பேசினார். மீன் பதப்படுத்துபவர்களுக்கு வரியில்லாத உப்பு வேண்டும் என்பது அவர் வாதம். அதன் பிறகு சென்னை மாகாணக் கடற்கரையில் வேலி போட்ட மீன் பதனிடும் களங்கள் வரிசையாகத் திறக்கப்பட்டன. ஆங்கிலத்தில் ‘யார்டு’ என்றார்கள்.

களத்தைப் பார்த்துக்கொண்டது உப்பு இலாகா. மீனைக் களத்துக்குள் கொண்டுவந்து எடை போட வேண்டும். எடைக்கு ஏற்ற அளவு உப்பு கிடைக்கும். வரியில்லாத உப்பு வேலியைத் தாண்டிச் சமையலறைக்குப் போய்விடக் கூடாதே என்ற கவலைதான் அந்த எடைக்குக் காரணம். கடலில் எவ்வளவு மீன் இருக்கிறது என்றோ, எவ்வளவு பிடிபடுகிறது என்றோ அங்கே யாரும் கவலைப்படவில்லை. ஆனால் மாகாணம் முழுவதற்கும் வருஷா வருஷம் கிடைத்த ஒரே தொடர்ச்சியான மீன் எண் அதுதான். பச்சை மீனாகக் கூடையில் போனது அதில் இல்லை. மணலில் வெயிலுக்கே காய்ந்த நெத்திலி இல்லை. மலபார் பக்கம் தென்னைக்கு உரமாகப் போன மத்தி இல்லை. படகில் போனவன் வீட்டுக் குழம்புக்கு எடுத்துப்போனதும் இல்லை. 1905-இல் பிரடெரிக் நிக்கல்சன் மீன்பிடித் தொழிலை ஆராய நியமிக்கப்பட்டு, 1907-இல் சென்னை மீன்வள அலுவலகம் தொடங்கியபோது, அரசின் கையில் இருந்த கடல் கணக்கு பெரும்பாலும் இந்த உப்புக் கணக்குதான்.

கணக்கெடுப்பவர் எதற்காக எண்ணுகிறாரோ அது மட்டும்தான் பதிவேட்டில் ஏறும். பிற்காலத்தில் முறைகள் எவ்வளவோ மேம்பட்டன, ஆனால் இந்த விதி மாறவில்லை என்றே எனக்குப் படுகிறது.

சுதந்திரத்துக்குச் சில மாதங்கள் முன்பு, 1947 பிப்ரவரி 3 அன்று மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. ராமேஸ்வரம் தீவுக்கு இப்பக்கம் உள்ள மண்டபம் முகாமில் பல வருடங்கள் இயங்கி, 1971-இல் தலைமையகம் கொச்சிக்குப் போனது. இந்த நிலையம் உருவாக்கிய மாதிரிக் கணக்கெடுப்பு முறை வளரும் நாடுகளில் மிகச் சிறந்தவற்றில் ஒன்று என்று சொல்லலாம். அதன் வேலைமுறையைக் கொஞ்சம் பார்த்துவிட்டால், எது எங்கே விட்டுப்போகிறது என்பது விளங்கும்.

கடற்கரை மண்டலங்களாகப் பிரிக்கப்படுகிறது. மாதத்தைப் பத்துப் பத்து நாட்களாக மூன்று பங்கு வைக்கிறார்கள். முதல் ஐந்து நாட்களுக்குள் ஒரு தேதியைக் குலுக்கிப் போட்டு எடுக்கிறார்கள். நான்காம் தேதி விழுந்தது என்றால் 4 முதல் 9 வரை ஆறு நாட்கள். அதை இரண்டிரண்டு நாளாக மூன்று ஜோடி ஆக்குகிறார்கள். அடுத்து 14 முதல் 19, அப்புறம் 24 முதல் 29. ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு இறங்குதளம். கணக்கெடுப்பவர் முதல் நாள் நண்பகல் 12 மணியிலிருந்து மாலை 6 வரையும், மறுநாள் காலை 6-லிருந்து 12 வரையும் அங்கே நிற்பார். நடுவே உள்ள இரவில் வந்த படகுகளைப் பற்றிக் காலையில் விசாரித்துத் தெரிந்துகொள்வார். வந்த படகு பதினைந்துக்குள் என்றால் எல்லாவற்றையும் பார்ப்பார். கூடக் கூட, இரண்டுக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று, நான்குக்கு ஒன்று என்று பொறுக்கி எடுப்பார்.

ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். நாற்பது படகு வருகிறது. பத்துப் படகைப் பார்க்கிறார். சராசரி 300 கிலோ. நாற்பதுக்கும் 12,000 கிலோ என்று எழுதுகிறார். புள்ளியியல்படி இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒவ்வொரு படகும் கரைக்குத் திரும்பும் வழியில் 100 கிலோவைக் கடலில் தள்ளிவிட்டு வந்திருந்தால்? செத்த மீன் 4,000 கிலோ எந்தப் பதிவேட்டிலும் இல்லை. கணக்கெடுப்பவர் நிற்பது கரையில். அவர் எண்ணுவது இறங்கிய மீன். பிடிபட்ட மீன் என்பது வேறு எண்.

பாய்மரமும் கட்டுமரமும் மட்டும் இருந்த காலத்தில் இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருந்திருக்காது. சின்ன வலை, குறைந்த மீன். எல்லாவற்றுக்கும் ஒரு வாய் இருந்தது. 1952-இல் கையெழுத்தான இந்தோ-நார்வே ஒப்பந்தம் கேரளத்தில் இயந்திரப் படகுகளைக் கொண்டுவந்தது. அறுபதுகளில் இழுவை மடி தமிழகக் கரைக்கும் பரவியது. குறி எறா மட்டும். வெளிநாட்டில் டாலர் தரும் எறாவுக்காகக் கடலடியை அரித்துக்கொண்டு போகும் மடியில் காரல், குஞ்சு நண்டு, சங்கு, பெரிதாகி விலைபோகக்கூடிய மீன்களின் பொடி எல்லாம் சேர்ந்தே வரும். படகில் ஐஸ் வைக்க இடம் கொஞ்சம்தான். விலையில்லாத மீனுக்கு அந்த இடத்தை யார் கொடுப்பார்கள்? “எறா தேறினா போதும், மத்ததுக்கெல்லாம் யாரு கணக்கு வெச்சா?” என்பதுதான் அந்தக் காலத்து நியாயம்.

விசாகப்பட்டினத்திலிருந்து பல நாள் தங்கி மீன்பிடித்த பெரிய இழுவைக் கப்பல்களில் இது இன்னும் கடுமை. சென்னையில் அலுவலகம் வைத்திருந்த வங்காள விரிகுடாத் திட்டம், எறாக் கப்பல்கள் வீணாக்கும் மீனை எப்படிப் பயன்படுத்தலாம் என்று ஒரு ஆய்வை 1991-இல் வெளியிட்டது. கழிக்கப்பட்ட மீன் ஒரு பிரச்சினையாக எழுத்தில் பதிவான தருணங்களில் அது ஒன்று.

பிறகு காட்சி மாறியது. ராமேஸ்வரம் பக்கம் ‘சங்காயம்’ என்று சொல்லப்படும் இந்தப் பொடி மீனுக்கு விலை வந்தது. உலர்த்தி அரைத்தால் கோழித்தீவனம். நாமக்கல் பண்ணைகளுக்கும் மீன்தூள் ஆலைகளுக்கும் லாரி லாரியாகத் தேவைப்பட்டது. முன்பு கடலில் விழுந்தது இப்போது கரையில் குவிந்தது. கடல் மீனே அதிகம் பார்க்காத எங்கள் மாதிரி ஊர்களுக்கும் அது முட்டையாகவும் பிராய்லராகவும் வந்து சேர்ந்திருக்கும்.

இங்கேதான் கணக்கு நம்மை ஏமாற்றுகிறது. கடலில் அதே அளவு மீன்தான் சாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நேற்று வீசியதை இன்று கரைக்குக் கொண்டுவந்தால் இறங்கிய மீனின் எண் ஏறும். வரைபடத்தைப் பார்ப்பவருக்கு உற்பத்தி பெருகுவது போலத் தோன்றும். நல்ல மீன் குறைந்துகொண்டே வந்தாலும் சங்காயம் அந்தப் பள்ளத்தை நிரப்பிவிடும். ஆரோன் லோபோவும் உடன் ஆய்வாளர்களும் சோழமண்டலக் கரை இழுவைப் படகுகளை ஆராய்ந்து 2010-இல் எழுதிய கட்டுரை இதன் பொருளாதாரத்தைச் சொல்கிறது: எறாவை மட்டும் நம்பினால் நஷ்டத்தில் நின்றுபோயிருக்க வேண்டிய படகுகளைக் கழிசல் மீன் விற்பனை ஓடவைக்கிறது. நஷ்டம் வந்தால் தொழில் தானாகவே ஓயும், கடல் மூச்சுவிடும் என்ற பழைய எதிர்பார்ப்பு அங்கே பலிக்கவில்லை.

உலக அளவிலும் இதே கதை. ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு 1950-லிருந்து நாடுகள் அனுப்பும் இறங்கிய மீன் எண்களைத் தொகுக்கிறது. கடலில் வீசப்படுவது அதில் சேராது. அதற்குத் தனி மதிப்பீடுகள் வந்தன. 1994-இல் ஆல்வர்சன் குழு ஆண்டுக்கு 2 கோடியே 70 லட்சம் டன் என்றது. 2005-இல் கெலஹர் 73 லட்சம் டன் என்றார். 2019-இல் வந்த மதிப்பீடு 91 லட்சம் டன். எண்கள் இப்படிக் குதிப்பதற்குக் கணக்கிடும் முறை மாறியது ஒரு காரணம். ஆசியாவில் வீசிய மீனை விற்கத் தொடங்கியது இன்னொரு காரணம்.

டேனியல் பாலி என்ற மீன்வள அறிஞர் 1998-இல் ஒரு எளிய வாதத்தை வைத்தார். தரவு இல்லை என்று ஒரு கட்டத்தைக் காலியாக விட்டால், பின்னால் வருபவர் அதைப் பூஜ்ஜியம் என்று படிப்பார். பூஜ்ஜியம் நிச்சயமாகத் தவறான எண். அதைவிட, காரணத்தோடு போட்ட ஒரு தோராயம் மேல். இதை வைத்து அவருடைய குழு நாடு நாடாகக் கணக்கைத் திரும்பக் கட்டியது. படகு எத்தனை, வருஷத்துக்கு எத்தனை தங்கல், தங்கலுக்கு எவ்வளவு வீசினார்கள் என்று ஏதோ ஒரு வருஷத்து ஆய்வில் இருக்கும். அப்படி இரண்டு மூன்று வருஷம் கிடைத்தால், நடுவில் உள்ளவற்றை இடைக்கணித்து நிரப்பலாம். கடற்கரைக் குடும்பங்கள் சாப்பிட்டதை மக்கள்தொகையை வைத்துப் போடலாம். இந்தியாவுக்கு இந்த வேலையை முதலில் பெரிய அளவில் செய்தவர் பிரஜ்கீத் பத்தால். 1950 முதல் 2000 வரை அவர் செய்த மறுகட்டுமானம் 2005-இல் வெளியானது. பாலியும் டிர்க் செல்லரும் 2016-இல் வெளியிட்ட உலகத் தொகுப்பின்படி 1996-இல் உலகம் பிடித்தது 13 கோடி டன். அதிகாரபூர்வ எண் 8 கோடியே 60 லட்சம்.

இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. உணவு, வேளாண்மை அமைப்பின் அறிவியலாளர்களே இந்த முறையைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். ஒரு ஊரின் விகிதத்தை மாநிலம் முழுவதற்கும் விரித்தால் பிழையும் சேர்ந்தே விரியும். கணக்கு எப்போதும் குறைத்தே சொல்லும் என்பதும் இல்லை: சீனாவின் எண்கள் மிகையானவை என்று 2001-இல் காட்டியதும் பாலியும் வாட்சனும்தான்.

ஆனால் பூஜ்ஜியத்தின் விலையைக் கொடுப்பவர் யார் என்று பாக் நீரிணையைப் பார்த்தால் தெரியும். கரையில் எடுக்கும் கணக்கு மீன் எங்கே இறங்கியது என்று சொல்லும், எங்கே பிடிபட்டது என்று சொல்லாது. ராமேஸ்வரத்திலும் கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் இறங்குவது தமிழ்நாட்டு உற்பத்தி. கச்சத்தீவைத் தாண்டி இழுத்த மடியில் வந்த மீனும் அதற்குள் அடக்கம். போர்க் காலத்தில் யாழ்ப்பாணம், மன்னார் மீனவர்கள் கடலுக்குப் போகவே கட்டுப்பாடு இருந்தது. அந்த வருஷங்களின் இலங்கைக் கணக்கை மட்டும் பார்ப்பவருக்கு வடக்குக் கடல் ஓய்வில் இருந்ததுபோலத் தெரியும். 2009-க்குப் பிறகு வலையோடு திரும்பிப் போனவர்கள் கண்டது ஓய்ந்த கடலை அல்ல. நம் பக்கத்து மீனவர் கைதாகும்போதும் படகு பறிபோகும்போதும் நமக்குச் செய்தி வருகிறது, வரவும் வேண்டும். அந்தப் பக்கத்துத் தமிழ் மீனவர் இழந்த மீனுக்கு எந்த நாட்டின் புத்தகத்திலும் வரி இல்லை. எழுதப்படாத இழப்பை வைத்து அவரால் பேச்சுவார்த்தை மேசையில் எதையும் கேட்க முடிவதில்லை.

இதைச் சரிக்கட்ட நவீனக் கருவிகள் இருக்கின்றன. படகில் கண்காணிப்பாளரை அனுப்பலாம், கேமரா வைக்கலாம். அவை இனிவரும் வருஷங்களுக்கு உதவும். போன அறுபது வருஷத்துக்கு இருக்கும் சாட்சி மனிதர்கள்தான். அறுபதுகளில் முதல் இழுவைப் படகுகளில் வேலைக்குச் சேர்ந்த இளைஞர்களுக்கு இன்று எண்பது வயது இருக்கும். ஒரு இழுப்புக்கு எத்தனை கூடை தள்ளினோம், எந்த மீன், எந்த மாசம் என்பது அவர்களுக்குத் தெரியும். மறுகட்டுமானம் செய்பவர்கள் இப்படிப்பட்ட நினைவுகளையும் தரவாக ஏற்கிறார்கள். உப்பு இலாகாக்காரரின் பதிவேட்டைப் பத்திரப்படுத்திய நாம், இவர்களிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போய் உட்காரலாம். அதிக நாள் தள்ளிப்போட முடியாது.