கித்தார் குரல் பெற்ற கதை



கித்தார் என்றதும் இன்று உங்கள் மனக்கண் முன் தோன்றுவது மேடையையே அதிர வைக்கும் ஒரு வாத்தியம். ஆனால் 1930-களின் அமெரிக்க ஜாஸ் இசைக்குழுக்களில் அதைப்போல் வாய் திறவாத வாத்தியம் வேறொன்று இல்லை. டிரம்பெட்டுகளும் சாக்ஸபோன்களும் முரசுகளும் கூடி முழங்கும் பெருங்குழுவில், கித்தார் வாசிப்பவர் ஓர் ஓரமாக அமர்ந்து, தாளத்துக்குத் துணையாகத் தந்திகளை மீட்டிக்கொண்டிருப்பார். அவர் நிறுத்திவிட்டால் ஏதோ குறைகிறது என்று தெரியும். அவர் என்ன வாசித்தார் என்பது எவருக்கும் தெரியாது.

ஒலிவாங்கியின் அருகில் அமர்ந்து வாசித்தவர்களுக்கு மட்டும் ஓரளவு விமோசனம் கிடைத்தது. பிலடெல்பியாவில் பிறந்த எட்டி லாங் அவர்களில் தலையானவர். அவரும் லோனி ஜான்சன் என்னும் கறுப்பினக் கலைஞரும் 1928, 1929-ஆம் ஆண்டுகளில் இணைந்து வாசித்த இசைத்தட்டுகள் இன்றும் கேட்கத்தக்கவை. வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து வாசித்ததை வெளியே சொல்லக்கூடாத காலம் அது. ஆகவே தட்டுகளில் லாங்குக்கு 'பிளைண்ட் வில்லி டன்' என்று ஒரு கற்பனைப் பெயர் அச்சிடப்பட்டது! லாங் 1933-இல் இளவயதிலேயே காலமானார்.

1936-இல் மிச்சிகன் மாநிலத்துக் கலமாசூ நகரில் இருந்த கிப்ஸன் நிறுவனம் ஈ.எஸ்.150 என்னும் மின்சாரக் கித்தாரை விற்பனைக்குக் கொண்டு வந்தது. பௌதிகம் பயிலும் மாணவர்களுக்கு அதன் சூட்சுமம் எளிதில் விளங்கும். தந்திகளுக்குக் கீழே காந்தமும், அதனோடு இணைந்த எஃகுத் தகடும், அத்தகட்டைச் சுற்றிய கம்பிச் சுருளும் உண்டு. எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப் புலம் மாறுகிறது. சுருளில் சிறு மின்னோட்டம் பிறக்கிறது. பெருக்கி அதைப் பெருக்கி ஒலிபெருக்கியில் சேர்க்கிறது. ஒலி பெருகியது மட்டுமன்று, தந்தியின் கார்வையும் நீண்டது. நாதசுரத்தைப் போலவோ சாக்ஸபோனைப் போலவோ நீண்ட இசைத்தொடர்களைக் கித்தாரிலும் கோக்கலாம் என்ற நிலை வந்தது.

கருவி வந்துவிட்டது, அதைப் பேசவைக்க ஆள் வேண்டுமல்லவா?

சார்லி கிறிஸ்டியன் 1916-இல் டெக்சஸ் மாநிலத்தில் பிறந்து ஓக்லஹோமா நகரில் வளர்ந்தவர். தந்தையார் பார்வையிழந்த இசைக்கலைஞர், குடும்பம் ஏழ்மையானது. பள்ளியில் கைத்தொழில் வகுப்பில் இச்சிறுவர் சுருட்டுப் பெட்டிகளைக் கொண்டு கித்தார் செய்வாராம். அதே பள்ளியில் படித்துப் பின்னாளில் புகழ்பெற்ற நாவலாசிரியரான ரால்ப் எலிசன் இதை எழுதியிருக்கிறார். வகுப்பறையில் பல்லாண்டு நின்றவன் என்ற முறையில், அந்தப் பெட்டிகளைப் பிடுங்கி வைக்காத ஆசிரியருக்கு என் வணக்கம்.

1939 ஆகஸ்டில் ஜான் ஹேமண்ட் என்பவர் கிறிஸ்டியனை லாஸ் ஏஞ்சலஸுக்கு வரவழைத்து, பென்னி குட்மனின் கச்சேரி மேடையில் அமர்த்தினார். மின்சாரக் கித்தாரில் நம்பிக்கையற்ற குட்மன், இவருக்குத் தெரிந்திராது என்று எண்ணி 'ரோஸ் ரூம்' என்ற பாட்டைத் தொடங்கினார். இளைஞர் தம் முறை வந்தபோது மனோதர்மமாக வாசித்தார், மறுபடி வாசித்தார், ஒவ்வொரு சுற்றிலும் புதிது. அந்த ஒரு பாட்டு நாற்பது நிமிடத்துக்கு மேல் நீண்டது என்பது உடனிருந்தோர் கூற்று. அன்றே அவர் குழுவில் சேர்ந்தார்.

அக்டோபரில் அதே பாட்டு இசைத்தட்டாயிற்று. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பத்தங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடமே இடமுண்டு. அதில் கிறிஸ்டியனுக்குத் தனித்துக் கிடைத்தது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. (அக்காலத் தட்டுகளுக்கு வேண்டிய அரக்கில் பெரும்பகுதி நம் நாட்டிலிருந்து கப்பலேறியது என்பதையும் நினைவில் வையுங்கள்.) ஆசிரியர் பயிற்சி பெற்ற நாளில் நண்பர் ஒருவர் வீட்டில் அந்தச் சில வினாடிகளைக் கேட்டேன். அன்று பிடித்த பித்து இன்றும் தெளியவில்லை. பழைய கித்தார் வாங்க எனக்கு வசதியில்லை. படங்களை வெட்டி நோட்டில் ஒட்டி வைத்திருப்பதோடு சரி.

1941-இல் பதிவான 'சோலோ ப்ளைட்' என்ற தட்டில் குட்மனின் முழுக் குழுவும் பின்னே நிற்க, கித்தார் முன்னே நின்று பேசுகிறது. ஆனால் அவ்வாண்டின் நடுவிலேயே கிறிஸ்டியனைக் காசநோய் படுக்கையில் தள்ளிவிட்டது. 1942 மார்ச் 2-ஆம் நாள் நியூயார்க் நகரத்து மருத்துவ நிலையம் ஒன்றில் அவர் உயிர் நீத்தார். வயது 25. அவர் இசைத்தட்டுகளில் வாசித்த காலம் இரண்டு ஆண்டுக்கும் குறைவு.

அந்தக் குறுகிய காலம் போதுமானதாக இருந்தது. இண்டியானாபோலிஸ் நகரத்தில் வெஸ் மாண்ட்கோமரி என்ற இளைஞர் அத்தட்டுகளைத் திரும்பத் திரும்பச் சுழலவிட்டு, கிறிஸ்டியனின் வாசிப்பைச் சுரம் பிசகாமல் கற்றார். பகலில் தொழிற்சாலை வேலை, இரவில் சாதகம். அண்டை வீட்டார் தூக்கம் கெடாதிருக்கக் கட்டைவிரலாலேயே மீட்டினார். அந்த மெல்லிய நாதமே பிற்காலத்தில் அவருடைய தனி முத்திரையாயிற்று. நம் ஏகலைவனுக்காவது ஒரு மண்சிலை இருந்தது. இவருக்கு இருந்தது அரக்குத் தட்டு.

இசையில் நாட்டமுள்ள மாணவர்கள் இன்னொன்றைத் தேடிக் கேளுங்கள். 1941 மே மாதம் நியூயார்க்கில் ஹார்லெம் பகுதியிலிருந்த மிண்டன்ஸ் விடுதியில், ஜெர்ரி நியூமன் என்ற மாணவர் தாம் சுமந்து சென்ற பதிவுக் கருவியில் கிறிஸ்டியனின் இரவு நேர வாசிப்பைப் பிடித்து வைத்தார். ஒலி தெளிவில்லை, பின்னால் பேச்சுச் சத்தமும் உண்டு. ஆனால் அங்கே மூன்று நிமிடக் கணக்குப் பார்ப்பவர் யாருமில்லை. அவர் வாசித்துக்கொண்டே போகிறார்.