பொதுச்சேவைப் படைப்பிரிவும் பயிற்சியின் இரு நிலைகளும்: பிரித்தானியத் தரைப்படை, 1942

முன்னுரை

படையில் சேர்வோர் முதலில் அடிப்படைப் பயிற்சியையும், பின்னர்த் தத்தம் பணிக்குரிய சிறப்புப் பயிற்சியையும் பெறுவது இன்று பல நாடுகளில் இயல்பான நடைமுறையாகும். பிரித்தானியத் தரைப்படையில் 1942ஆம் ஆண்டு இவ்விரு நிலைகளும் தெளிவாகப் பிரிக்கப்பட்டன. ஒருவருக்குரிய பணியை யார், எப்போது முடிவு செய்வது என்ற சிக்கலே அப்பிரிப்புக்கு அடிப்படை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறன் வீணான நிலை

1939இல் போர் தொடங்கியபோது, கட்டாயச் சேவைக்கு அழைக்கப்பட்டவர்கள் நேரடியாகவே ஏதேனும் ஒரு ரெஜிமெண்டிலோ தொழில்நுட்பப் பிரிவிலோ சேர்க்கப்பட்டனர். சுருக்கமான நேர்காணலே அதற்குப் போதுமானதாகக் கருதப்பட்டது. இதனால் இயந்திரத் தொழிலில் தேர்ந்தவர்கள் தம் திறனுக்குத் தொடர்பற்ற பணிகளில் அமர்த்தப்பட்டனர். பிரிவு மாறுவதும் எளிதன்று. 1941இல் வில்லியம் பெவரிட்ஜ் தலைமையிலான குழு இந்நிலையை ஆராய்ந்தது. ஒருவரைத் தனியொரு பிரிவில் சேர்க்காமல், தரைப்படை முழுமைக்குமாகச் சேர்க்க வேண்டும் எனப் பரிந்துரைத்தது.

ஆறு வாரப் பொதுப் பயிற்சி

படையின் ஆளணிப் பொறுப்பை 1941இல் ஏற்ற சர் ரொனால்டு ஆடம் இச்சீர்திருத்தத்தை முன்னெடுத்தார். 1942 சூலை முதல், புதியவர்கள் பொதுச்சேவைப் படைப்பிரிவில் சேர்க்கப்பட்டு, ஆறு வாரங்கள் அணிநடை, ஆயுதப் பழக்கம், உடற்பயிற்சி ஆகியவற்றில் பயிற்றப்பட்டனர். அதே காலத்தில் அறிவுத்திறன், கணக்கு, இயந்திர அறிவு முதலியவற்றில் தேர்வுகளும், ஆளணித் தெரிவு அலுவலரின் நேர்காணலும் நடைபெற்றன. இவற்றின் முடிவுகளும் படையின் தேவையும் ஒப்புநோக்கப்பட்ட பின்னரே, காலாட்படை, பீரங்கிப்படை, தகவல்தொடர்புப் பிரிவு முதலியவற்றின் பயிற்சி மையங்களுக்கு அவர்கள் அனுப்பப்பட்டனர்.

எனவே, அடிப்படைப் பயிற்சிக்காலம் புதியவரைப் படைவீரராக்கும் காலமாக மட்டுமன்றி, அவரை அளந்தறியும் காலமாகவும் அமைந்தது.

எதிர்வினை

மரபுவழி அலுவலர்கள் பலர் இதனை ஏற்கவில்லை. வீரரின் பற்று தம் மாவட்டப் பெயர் தாங்கிய ரெஜிமெண்டில் முதல் நாளிலேயே வேரூன்ற வேண்டும் என்பது அவர்தம் வாதம். தேர்வில் சிறந்தோரைத் தொழில்நுட்பப் பிரிவுகள் ஈர்த்துக்கொள்ள, எஞ்சியோரே காலாட்படைக்கு வருகின்றனர் என்ற குறையும் எழுந்தது. போர்க்களத்தில் மிகுந்த உயிரிழப்பைத் தாங்கியது காலாட்படையே என்பதால், இக்குறையைப் புறந்தள்ள இயலாது.

முடிவுரை

பொதுச்சேவைப் படைப்பிரிவு திறன் வீணாவதைக் குறைக்க முயன்றது. ஆயினும், எந்தப் பணிக்கு எத்தகைய திறன் வேண்டும் என்ற மதிப்பீட்டில், களத்தில் போரிடுவதும் ஒரு தொழில்திறனே என்பதற்கு உரிய இடம் எளிதில் கிட்டவில்லை. பயிற்சி வரலாற்றை ஆராய்வோர், பாடத்திட்டத்தோடு அதற்கு முன் நிகழும் வகைப்படுத்தலையும் நோக்க வேண்டும் என்பதையே இந்நேர்வு உணர்த்துகிறது.