பறம்பு மலையின் நறவு

கிள்ளான் வட்டாரத் தமிழர்க்குக் கள் என்னும் சொல் இனிய நினைவைத் தருவதன்று. 1941ஆம் ஆண்டில் அங்குள்ள தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதையும் ஒரு கோரிக்கையாக வைத்தனர். கூலிப்பணம் வீடு சேருமுன் கடையில் கரைவதைக் கண்டவர்கள் அவர்கள். அத்தகைய ஊர்களிற் புறநானூறு கற்பிக்கும் ஆசிரியர், மதுவைக் கூறும் அடிகளை விரைந்து கடந்து செல்லுதல் இயல்பே. ஆயினும் பறம்பு மலைப் பாடல்களில் அவ்வாறு கடந்தால் பாரியின் வீடே கண்ணிற் படாமற் போய்விடும்.

பறம்பு என்பது இன்று சிவகங்கை மாவட்டத்திலுள்ள பிரான்மலையே என்பர். கொடுங்குன்றம் என்ற பெயரால் ஞானசம்பந்தர் பாடிய தலமும் இதுவே. உழவர் உழாமலே இம்மலை நான்கு பொருள் தரும் என்று கபிலர் 109ஆம் பாட்டில் எண்ணிக் காட்டுகிறார்: மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். வேந்தர் மூவரும் முற்றியிருந்தனர்; பாரி மாய்ந்தான். அவன் மகளிரை அழைத்துக்கொண்டு கபிலர் மலையை நீங்குகிறார். அப்பிரிவைக் கூறும் 113, 114, 115ஆம் பாடல்கள் மூன்றிலும் அவர் நெஞ்சம் மதுவினிடத்தே சென்று நிற்பது வியப்பன்றோ?

முதற்பாட்டில் மதுச்சாடியின் வாய் திறந்தபடி இருக்கிறது, ஆட்டுக்கிடாய் வீழ்த்தப்படுகிறது, ஊனும் சோறும் குறைவின்றிக் கிடைக்கின்றன. இங்கே சொல் ‘மட்டு’. அடுத்த பாட்டில் ‘நறவு’. அதனைப் பிழிந்தெடுத்துப் போட்ட கோது, யானை மென்று உமிழ்ந்த கவளம் போல் சிதறிக் கிடக்க, அதிலிருந்து கசிந்த சாறு முற்றத்தில் ஓடுகிறது. மது செய்யும் முறையை இவ்வளவு அருகில் நின்று கண்ட புலவர் சிலரே. மூன்றாம் பாட்டில் அது தெளிந்து ‘தேறல்’ ஆகிறது. ஒரு பக்கம் அருவி ஒலிக்க, மறுபக்கம் பாணர் மண்டைகளில் வார்க்கும்போது வழிந்த தேறல் கற்களை உருட்டிக்கொண்டு ஓடுகிறதாம். மிகையே, ஆனால் அன்பின் மிகை.

இதே நூலின் 56ஆம் பாட்டில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார். அவன் பருகுவது யவனர் கொணர்ந்த மது, அதனை மகளிர் ஏந்தித் தருவது பொற்கலத்தில். இத்தாலியின் மலைச்சரிவுகளில் விளைந்த திராட்சை மதுவும் அக்காலத்திற் கடல் கடந்தது. 1945இல் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டில், மத்தியதரைக் கடல் நாடுகளின் இருகைப்பிடி மதுச்சாடிகள் உடைந்த துண்டுகளாய்க் கிடைத்தன. நன்மாறனின் மது அரசன் ஒருவன் பருகியது. பறம்பின் மதுவோ பாணன் மண்டையில் நிறைந்து நிலத்தில் வழிந்தது. வேந்தர் தேராலும் யானையாலும் கொள்ளமுடியாத மலையை, யாழோடு பாடிச் செல்வோர் எளிதிற் பெறலாம் என்றவரும் கபிலரே. தோட்டத்துக் கடையில் விலைக்கு அளந்து விற்ற கள்ளை இவ்விருந்தோடு ஒன்றாக எண்ணுதல் பொருந்தாது. மாணவர்க்கு இவ்வேறுபாட்டை விளக்கிச் சொல்வதற்கு நாணவேண்டியதில்லை.

114ஆம் பாட்டில் கபிலர் வழியில் நின்று திரும்பிப் பார்க்கிறார். இங்கு நிற்பவர்க்கும் அம்மலை தெரிகிறது; இன்னும் சிறிது தொலைவு சென்று நிற்பவர்க்கும் தெரிகிறது. தேர்களை வாரி வழங்கியவன் முற்றம் மட்டும் வெறிதாயிற்று.