உயிரோடதான் இருக்கேன், நம்ப மாட்டேங்கறாங்க!

போன மாசம் ஒரு ராத்திரி. ரெண்டு க்ளஸ்டர், ஒரே கன்டெய்னர். உள்ளே பார்த்தா ரெண்டு இடத்துலயும் "ரன்னிங்". லோட் பேலன்சர் மட்டும், ரெண்டாவது க்ளஸ்டர் செத்துப்போச்சுன்னு சாதிக்குது. ஏன்? பதில் வரலாற்றில் இருக்குதுங்க.

லோட் பேலன்சர் மூத்த தலைமுறை. 2001ல் வந்த ஹெச்ஏப்ராக்சி போன்றவை வெளியே நின்று சர்வரின் கதவைத் தட்டும். பதில் வராவிட்டால் அந்தப் பக்கம் யாரையும் அனுப்பாது. அவ்வளவுதான். கூகுள் உள்ளுக்குள் ஓட்டிய போர்க், பதில் சொல்லாத வேலையைத் தானே மறுபடி கிளப்பிவிடும். அந்த அனுபவத்தில் 2014ல் வெளியான குபர்நெட்டிஸ், 2015ல் 1.0 வருவதற்குள் கேள்வியை இரண்டாக்கியது: உயிரோடு இருக்கியா? வேலைக்குத் தயாரா? இதைக் கேட்பது அதே மெஷினில் ஓடும் க்யூப்லெட்.

ஆக, வீட்டுக்குள்ளிருந்து ஒருவர் கேட்கிறார், வாசலிலிருந்து இன்னொருவர். ரெண்டு பேருக்கும் ஒரே பதில் கிடைக்கணும்னு கட்டாயமில்லை. எங்க கதையில், வாசல்காரர் வரும் ஐபி முகவரிகளை ரெண்டாவது க்ளஸ்டரின் ஃபயர்வால் தடுத்திருந்தது. விட்டுப்போனது ஒரே ஒரு விதி. போனது நாலு மணி நேரத் தூக்கம்!

பி.கு: லாகைப் புரட்டும் முன், கேட்பது யாரு, எங்கிருந்துன்னு பாருங்க மக்கா :-)