சாரதியும் வண்டியும்: நரேன் கார்த்திகேயன் ஓட்டுமுறையின் வரலாறு

எட்டயபுரம் வட்டாரக் கரிசல் சாலைகளில் நடக்கும் மாட்டு வண்டிப் பந்தயத்தில் மாட்டின் உரிமையாளருக்கு ஒரு பரிசு, சாரதிக்கு ஒரு பரிசு. பெரிய மாட்டுக்கும் சிறிய மாட்டுப் பிரிவான பூஞ்சிட்டுக்கும் தனித்தனிப் பந்தயம். பெரிய மாட்டோடு பூஞ்சிட்டை ஓடவிட்டால், பின்தங்கும் சாரதியை யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஃபார்முலா ஒன் அந்த நியாயத்தைப் பார்ப்பதில்லை. வலுத்த காரும் நலிந்த காரும் ஒரே வரிசையில் புறப்படும். புள்ளிப் பட்டியல் இரண்டையும் ஒரே கோலால் அளக்கும். 46 பந்தயங்களில் 5 புள்ளிகள் என்று ஃபார்முலா ஒன் ஓட்டுநர் நரேன் கார்த்திகேயனின் கணக்கை முடித்துவிடுவோர் அந்தப் பட்டியலைத்தான் நம்புகிறார்கள். சாரதியை வண்டியிலிருந்து பிரித்துப் பார்த்தால் வேறொரு ஓட்டக்காரர் தெரிகிறார் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தமிழ்நாட்டுக் கார் பந்தயம் வளர்ந்த விதமே இதற்கு முதல் சான்று. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில்தான் நெடுங்காலம் பந்தயம் நடந்தது. நீண்ட நேர்ப்பாதையில் வலுவான என்ஜின் வைத்திருப்பவர் கையே ஓங்கும். என்ஜின் பணமுள்ளவரிடம் இருந்தது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் வளைவுகள் நிறைந்த தனித் தடம் அமைந்தது. கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன் மாருதி 800 என்ஜினைக் கொண்டு ஃபார்முலா மாருதி கார்களை உருவாக்கினார். எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே வலு என்றானபின், வென்றவர் காரைக் காட்டிப் பெருமைப்பட முடியவில்லை. கையைத்தான் காட்ட வேண்டியிருந்தது. தென்னிந்திய ராலியை ஏழு முறை வென்ற ஜி.ஆர். கார்த்திகேயனின் மகனான நரேன் பழகியது இந்தப் பள்ளியில். சிறிய என்ஜின் கார் வளைவில் இழந்த வேகத்தை நேர்ப்பாதையில் மீட்பது கடினம். அதனால் பிரேக்கைக் கடைசி நொடிவரை தள்ளிப்போடுவதும், வழுக்கும் காரை ஸ்டியரிங்கால் திருத்திக்கொண்டே வேகம் குறையாமல் வெளியேறுவதும் இயல்பாகவே கைக்கு வந்துவிடுகின்றன. 1996-இல் ஃபார்முலா ஆசியா பட்டம் வென்ற முதல் இந்தியர் அவர். 1999-இல் பிரிட்டிஷ் ஃபார்முலா 3-இல் பிராண்ட்ஸ் ஹாட்ச் தடத்தில் வென்றார். அடுத்த ஆண்டு அத்தொடரில் நான்காம் இடம்.

2005-இல் ஃபார்முலா ஒன்னில் அவருக்குக் கிடைத்த ஜோர்டான் அணிக் கார் அந்த ஆண்டின் பின்வரிசைக் கார்களில் ஒன்று. அதே காரோடு மெல்போர்ன் முதல் பந்தயத்தில் 12-ஆம் இடத்திலிருந்து புறப்பட்டார்; அந்த ஆண்டின் சாம்பியனான அலோன்சோ அவருக்கு அடுத்த இடத்தில் நின்றார். அதே ஆண்டு சுசூகாவில் புறப்பட்டது 11-ஆம் இடத்திலிருந்து. 2012-இல் மலேசியாவின் செபாங் தடத்தில், உலர்தடத்தில் வழக்கமாகக் கடைசி வரிசைகளில் ஓடிய ஹெச்.ஆர்.டி. அணிக் காரை, மழையால் சிவப்புக் கொடி காட்டப்பட்டபோது பத்தாம் இடத்தில் நிறுத்தியிருந்தார். மூன்றையும் இணைப்பது மழை. ஈரத் தடத்தில் என்ஜின் வலுவை முழுதாகச் சாலையில் இறக்க முடியாது. வண்டிகளுக்கிடையே உள்ள தூரம் சுருங்கும், சாரதியின் பங்கு பெருகும்.

இதற்கு வலுவான மறுப்பு உண்டு. சுசூகாவின் தகுதிச் சுற்றில் அவருக்குப் பிறகு ஓடிய அலோன்சோ, ராய்க்கோனன் ஆகியோருக்கு மழை கூடிவிட்டது. செபாங்கில் முழு மழை டயரோடு தொடங்கியதே அவரை உயர்த்தியது. உண்மைதான். ஆனால் வாய்ப்பு வாசல்வரைதான் வரும். நீர் தேங்கிய தடத்தில் நலிந்த காரைச் சுழலவிடாமல் காப்பது ஓட்டுபவரின் வேலை. அதைவிடக் கனமான மறுப்பு, 2005-இல் ஜோர்டான் அணியில் அவரது சக ஓட்டுநரான தியாகோ மொண்டெய்ரோ. அதே காரில் அந்த ஆண்டின் 19 பந்தயங்களில் 18-ஐ முடித்து 7 புள்ளிகள் எடுத்தார் அவர். இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. எல்லையைத் தொட்டு ஓட்டும் கைக்கு நிதானம் குறைவு. செபாங்கிலேயே, முந்திச் சென்ற வெட்டெலோடு மோதியதற்காக நரேனுக்கு 20 நொடி தண்டனை விழுந்தது. ஒரு சுற்றில் வெளிப்பட்ட கூர்மை நூறு நிமிட ஓட்டம் முழுவதும் நீடிக்கவில்லை என்பது அவர் மீதான நியாயமான குறை.

அந்த 5 புள்ளிகளும் 2005 ஜூனில் இண்டியானாபொலிஸில் வந்தவை. சாய்வான பதின்மூன்றாம் வளைவை மிஷலின் டயர்கள் தாங்கவில்லை. அணிவகுப்புச் சுற்று முடிந்ததும் 14 கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிட்டுக்குள் திரும்பின. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் மாட்டிய ஆறு கார்களே ஓடின. நரேன் நான்காவதாக வந்தார். அவரது ஓட்டுத்திறனைப் பற்றி மிகக் குறைவாகச் சொல்லும் நாள் அதுதான். பதிவேடு நினைவில் வைத்திருப்பதோ அதை மட்டுமே. ஓரளவு நிகரான கார்கள் கிடைத்த களங்களைப் பார்ப்பதே முறை. எல்லா நாடுகளுக்கும் ஒரே கார் தந்த ஏ1 கிராண்ட் பிரியில், 2007 டிசம்பரில் சீனாவின் ஜுஹாய் தடத்தில் இந்திய அணிக்கு முதல் வெற்றியைத் தந்தவர் நரேன். 2019 நவம்பர் 24 அன்று, ஜெர்மன், ஜப்பான் பந்தயத் தொடர்கள் சேர்ந்து ஃபுஜியில் நடத்திய போட்டியில் ஹோண்டா காரில் முதலாவதாக வந்தபோது அவருக்கு வயது 42.